சீ என்பது திட்டு அல்ல

கோபக்காரியிடம் போய் "கொஞ்சம் மூச்சை இழுத்து விடுங்க" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூச்சு விட எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. ஒரே ஒரு தடவை, புத்தி கெட்டுப்போய், அடுத்தவர் சொல்லிக்கொடுத்த மாதிரி மூச்சு விட்டேன். அதனால் ஒரு பெரிய மனிதர் தங்கச்சிமடம் ரோட்டில், பட்டப்பகலில், திருக்கை வாலால் அடி வாங்கப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதர்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர்.

என் பெயர் முனீஸ்வரி. உச்சிப்புளிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். என் முகம் கொஞ்சம் ஒரு மாதிரி. சும்மா இருந்தாலே சண்டைக்குக் கிளம்பியவள் மாதிரித் தெரியும். கல்யாண ஆல்பத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிறபோதுகூட மாப்பிள்ளையை அடிக்கப் போகிறவள் மாதிரிதான் இருக்கிறேன். (அன்றைக்கு அடிக்கவில்லை.)

முகத்துக்கு ஏற்ற வாயும் உண்டு. விளையாட்டு விழாவுக்குத் தாமதமாக வந்த சிறப்பு விருந்தினரிடம், "பிள்ளைக வெயில்ல நிக்கிதுக, நீங்க ஏசி கார்ல தூங்கிட்டு வாரீகளா?" என்று கேட்டேன். மைக் ஆனில் இருந்தது எனக்குத் தெரியாது. (தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.) இதனால்தான் வருசக்கணக்காக அந்தப் பள்ளியில் நான் தற்காலிக டீச்சராகவே இருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் நிரந்தரம் ஆகிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து மணிகூட நிரந்தரம்தான். நான் மட்டும் தற்காலிகம்.

ஒருநாள் தாளாளர் கோட்டைச்சாமி அய்யா கூப்பிட்டு அனுப்பினார். ஐம்பது தாண்டிய கனத்த மனிதர். நாற்காலியிலிருந்து எழுந்தால் நாற்காலியும் கூடவே கொஞ்சம் எழும். அவர் முகம் அன்றைக்குச் சுண்டிப்போய் இருந்தது.

"டீச்சர், பாம்பன் பாலத்துல விழிப்புணர்வு ஓட்டம் விடுறாக. மண்டபத்துல ஆரம்பிச்சு தங்கச்சிமடத்துல முடியுது. நான் ஓடப் போறேன்."

"நீங்களா?" என்றேன். (வாய்.)

"இதைத்தான் எங்க சம்பந்தியும் கேட்டாரு. பேரன் காதுகுத்துல, சபையில வச்சு, 'நம்ம சம்பந்தி ஓடினா பாலம் தாங்குமா'ன்னு கேட்டாரு டீச்சர். எல்லாரும் சிரிச்சாக. என் மகளும் சிரிச்சா."

சம்பந்தி சாயல்குடிக்காரர். ஒல்லி. வருசா வருசம் எங்கேயாவது ஓடி, கழுத்தில் பதக்கத்தோடு போட்டோ அனுப்புகிற ஜாதி. இந்த ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்திருந்தார்.

"அந்த ஆளுக்கு முன்னாடி நான் எல்லையைத் தொடணும். நீங்கதான் என்னைத் தேத்தி விடணும். இன்னொண்ணு. ஓட்டம் முடியிற வரைக்கும் உங்ககிட்டருந்து ஒரு சண்டை, ஒரு சத்தம் வரப்படாது. ரெண்டும் நடந்தா அன்னைக்கே உங்களை நிரந்தரமாக்குறேன். இல்லாட்டி ஜூன் மாசம் வேற ஆளு பார்த்துக்கிறேன்."

அவரை ஓட வைத்துவிடலாம். சண்டை போடாமல் இருப்பதற்கு நான் எங்கே போவேன்?

அங்கேதான் நூர்ஜஹான் வருகிறாள். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர், எங்கள் தெருக்காரி. அவள் வீட்டுக்காரர் கமால் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். கூட வேலை பார்க்கிற சீனாக்காரர் ஒருவர் தினமும் விடியற்காலையில் மொட்டைமாடியில் நின்று சிகாங் என்று ஒரு பயிற்சி செய்வாராம். மெதுவாகக் கையை ஆட்டுவது, மூச்சை வகையாக விடுவது, உடம்பில் ஓடுகிற சக்தியை ஒழுங்கு பண்ணுவது. கமாலும் கற்றுக்கொண்டாராம்.

"அவரு முந்தியெல்லாம் எப்படிக் கத்துவாரு! இப்ப நான் என்ன சொன்னாலும் சரிங்கிறாரு முனீஸு," என்றாள் நூர்ஜஹான்.

கத்தாரில் இருந்துகொண்டு சரி என்று சொல்வதற்கு சிகாங் எதற்கு? இதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வீடியோ காலில் பாடம் நடந்தது. எங்கள் தெருவில் சிக்னல் விட்டுவிட்டு வரும். கமால் திரையில் வந்து, அண்டாவைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி கையை வளைத்து நின்றார்.

"சலாம் தங்கச்சி. இதுல ஆறு மூச்சு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம். கோவத்துக்கு 'சூ'. கல்லீரல்ல இருக்கிற சூடு போயிரும். மொத்த உடம்புக்கும் 'சீ'. இந்த மூச்சு போறப்ப நடுவுல பேசிறாதீக, சக்தி திரும்பி அடிச்சிரும்னு எங்க சீனாக்காரரு லீ சொல்லுவாரு. இன்னொண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம், இந்தச் சத்தத்தை..."

அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி, திரையில் உறைந்துபோனார். பிறகு லைன் போய்விட்டது.

"என்ன முக்கியம்னு சொல்ல வந்தாரு?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லப் போறாரு, சத்தத்தை நல்லாச் சத்தமாச் சொல்லணும்பாரு," என்றாள் நூர்ஜஹான். கணக்கு டீச்சர். விடுபட்ட இடத்தை அவளாகவே நிரப்பிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை எங்கள் வாசலில் அண்டாவைக் கட்டிப்பிடித்து நின்று, அடிவயிற்றிலிருந்து "சூ..." என்றேன். எங்கள் வீட்டு நாய் ஜிம்மி சட்டென்று தலையைத் தூக்கியது. எங்கள் ஊரில் நாயை ஆள்மேல் ஏவிவிட என்ன சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஜிம்மி யாரைப் பிடிப்பது என்று நாலுபக்கமும் பார்த்தது. பால்காரர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

பால் தெருவில் ஓடியது. பால்காரர் அதற்கு முன்னால் ஓடினார். சண்டை போடக் கூடாதே, அதனால் நான் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பார்த்திராத என் வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். ஆக, சூ வேண்டாம். மிச்சம் சீ. அதையே பிடித்துக்கொண்டேன்.

தாளாளருக்குத் திட்டம் போட்டேன். நான் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனபோது அங்கே ஒருவர் சொன்னார்: தூரம் ஓடத் தாக்குப்பிடிக்கிற உடம்பு வேண்டும், அதற்கு மெதுவான ஓட்டம், கடைசியில் சீறிப் பாய வெடிக்கிற கால் வேண்டும், அதற்குக் குதித்தல், எறிதல், குறுந்தூர ஓட்டம். இதோடு சீனாக்காரர் மூச்சையும் சேர்த்தால் மனுசன் ராக்கெட் ஆகிவிட மாட்டானா என்று நான் கணக்குப் போட்டேன். மூன்றையும் ஒரே காலையில் செய்ய வைத்தேன். இப்போது என் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்ய மாட்டேன். தாளாளர் பிள்ளை இல்லையே.

முதல் நாள் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். பிறகு பெஞ்சுமேல் குதிக்கிறது, இறங்குகிறது, குதிக்கிறது. பிறகு அண்டாவைக் கட்டிப்பிடித்து நிற்கிறது. மறுநாள் காலை பிரேயருக்கு அவர் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கி வந்தார். தொடை அப்படிப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் அதை மரியாதைக்குரிய ஏதோ ஒரு முறை என்று நினைத்து, நாலைந்து நாள் எல்லோருமே பின்பக்கமாக இறங்கினார்கள்.

"அய்யா ஏன் இப்படி ஒண்ணுமில்லாததக் கட்டிப்பிடிச்சு நிக்கிறாரு?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். "யாரும் செத்துட்டாகளா?"

பதிலுக்கு நான் "சீ..." என்று மூச்சு விட்டேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இதற்குள் தாளாளர் வெடிக்கிற பயிற்சியை "வெடிப் பயிற்சி" என்று சுருக்கிவிட்டார். டீக்கடையில் நின்று போனில் சத்தமாக, "இன்னைக்கு வெடி நல்லா இருந்துச்சு, நாளைக்கு டபுளாப் போடணும்" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். கடற்கரைப் பக்கம் வெடி என்றால் எல்லோருக்கும் கடலில் தோட்டா போட்டு மீன் பிடிக்கிறதுதான் ஞாபகம் வரும். அன்று சாயந்திரம் ஒரு போலீஸ்காரர் பள்ளிக்கு வந்துவிட்டார். தாளாளர் அவருக்குப் பெஞ்சுமேல் குதித்துக் காட்டினார். போலீஸ்காரர் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் இளைத்தார். நாற்காலி அவரோடு எழுந்து வருவது நின்றது. நானும் யாரோடும் சண்டை போடவில்லை. கோபம் வந்தால் சீ. வேன் டிரைவர் லேட்டா? சீ. விசிலை எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டானா? சீ. பள்ளியில் எல்லோரும் என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போனார்கள். சாந்தம் முகத்தில் தெரிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டத்து நாள் விடிந்தது. மண்டபத்தில் கூட்டம். சம்பந்தி பளபளவென்று ஒரு பனியனில் நின்றார். "வாங்க சம்பந்தி, பாலத்துல சொல்லி வச்சிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். தாளாளர் என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சீ என்று விட்டேன். சம்பந்தி முகம் மாறிப்போய்த் தள்ளிப் போனார்.

ஓட ஆரம்பித்தோம். தாளாளர் முன்னால், நான் நாலு எட்டுப் பின்னால். அவர் வேகம் குறைந்தால் நான் பின்னால் நெருங்குவேன், அதுதான் ஏற்பாடு. பாலத்தில் ஏறியதும் காற்று ஆளைத் தள்ளியது. இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல், பஸ்ஸை நிறுத்தி ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்கிற கூட்டம் ஒரு பக்கம். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒரு மூச்சு: "சீ...! சீ...!" காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. உடம்பே இல்லாத மாதிரி. நிரந்தர டீச்சர் மாதிரி.

பாலம் இறங்கியதும் காற்று நின்றது. சத்தம் கேட்க ஆரம்பித்தது.

தங்கச்சிமடம் நெருங்குகிற இடத்தில் ரோட்டோரம் மீன் விற்கிற பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்டது இதைத்தான். முன்னால் ஒரு கனத்த ஆண், வேர்த்து விறுவிறுத்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடுகிறான். பின்னால் ஒரு பெண், கொலைவெறி முகத்தோடு, "சீ! சீ! சீ!" என்று துரத்திக்கொண்டு வருகிறாள். மற்ற ஓட்டக்காரர்கள் முன்னாலும் பின்னாலும் பிரிந்துபோயிருந்தார்கள். அந்த நேரம் ரோட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கூட்டத்தில் பெரியவள் செபஸ்தியம்மா. (பெயர் பிறகுதான் தெரியும். இப்போது எங்கள் வீட்டுக்கே மீன் கொண்டு வருகிறாள்.) இடுப்பில் கையை வைத்து எழுந்தாள்.

"ஏத்தா! என்னத்தா செஞ்சான் அந்த ஆளு?"

நடுமூச்சில் பேசக் கூடாது. பேசினால் சக்தி திரும்பி அடிக்கும். அதனால் நான் ஒன்றுமில்லை, வழிவிடுங்கள் என்று கையை முன்னால் நீட்டி ஆட்டினேன். அந்தக் கை நேராகத் தாளாளரைக் காட்டியது.

"அவன்தானா? ஏலே, நில்லுடா!"

தாளாளர் திரும்பிப் பார்த்தார். செபஸ்தியம்மா கையில் திருக்கை வால் இருந்தது. காய்ந்த திருக்கை வால் எங்கள் கடற்கரையில் சாட்டை மாதிரி. அதனால் அடி வாங்கியவர்கள் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

"நான் தாளாளர்மா!" என்று கத்தினார்.

"யாரா இருந்தா என்ன, தாளாளரு இப்படித்தான் செய்வாகளா? புடிங்கடி!"

"டீச்சர், சொல்லுங்க டீச்சர்!"

"சீ...!" என்றேன். அந்த ஒரு மூச்சு முடியட்டும், அடுத்ததில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

"பாத்தியா, வாத்தியாரம்மாகிட்டயே வேலையக் காட்டிருக்கான்!"

ஒரு சூடை மீன் பறந்து வந்து அவர் முதுகில் அப்பியது. பிறகு இன்னொன்று. குறுக்கே ஒருத்தி ஐஸ் பெட்டியை இழுத்துப் போட்டு வழியை மறித்தாள். அப்போதுதான் நான் அதைக் கண்டேன். தாளாளர் நிற்கவில்லை. காலை மடக்கினார், கையை வீசினார், பெஞ்சுமேல் குதித்த அந்தக் குதியில் ஐஸ் பெட்டியை அப்படியே தாண்டினார். இந்தப் பக்கம் மீன் செதில், அந்தப் பக்கம் மனுசன். பி.டி. டீச்சராக எனக்கு அந்த ஒரு நிமிசம் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கை தட்டலாம் என்றுகூடத் தோன்றியது. பெண்கள் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அவர் ஓடினார். நான் அதற்கும் பின்னால் ஓடினேன்.

எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சம்பந்தி, ஜெயித்த களையில், கையை ஆட்டியபடி ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏதோ காற்று மாதிரி போனது. அது தாளாளர், கோட்டைத் தொட்ட பிறகுதான் நின்றார். மைக்கில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இதோ நம் தாளாளர் அவர்கள், தாய்மார்களின் பேராதரவோடு!" என்று அறிவித்தார். ஆட்டோவிலிருந்து பேராதரவு இறங்கியது. செபஸ்தியம்மா தாளாளரின் பனியனைக் கொத்தாகப் பிடித்தாள். வால் மேலே போனது.

நான் அப்போதுதான் வந்து சேர்ந்தேன். மூச்சு முடியவில்லை. அந்த வாலைப் பார்த்ததும் சீனாக்காரர், சக்தி, கல்லீரல், நிரந்தரம் எல்லாம் பறந்துபோனது. இத்தனை மாதம் அடக்கி வைத்தது மொத்தமும் ஒரே தடவையாக வந்தது.

"கைய எடுங்கத்தா! எவளாவது அவரு மேல கை வச்சீக, தொலைச்சுப்புடுவேன்! கூறு இருக்கா உங்களுக்கு? கேக்க மாட்டீக? என்ன ஏதுன்னு கேக்க மாட்டீக?"

மைக் ஆனில் இருந்தது. (எனக்கும் மைக்குக்கும் முன்ஜென்மத் தொடர்பு.) என் குரல் தங்கச்சிமடம் முழுக்க ஒலித்தது. வால் நடுவானத்தில் நின்றது.

"கேட்டேனேத்தா," என்றாள் செபஸ்தியம்மா. "நீதான் சீ, சீங்கிற."

"அது திட்டு இல்ல. மூச்சு."

"மூச்சா? மூச்சுக்கு எதுக்குத்தா சீ?"

"சீனாக்காரன் மூச்சு அது."

செபஸ்தியம்மா தாளாளரை விட்டுவிட்டாள். சேலையை இடுப்பில் செருகினாள்.

"சீனாக்காரனா? அவன் எங்கன இருக்கான்? அவன் என்ன செஞ்சான் உன்னைய?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் கீற்று ஆடியது. நான் தலையைத் தொங்கப் போட்டு நின்றேன். ஓட்டம் முடியும்வரை ஒரு சத்தம் வரக் கூடாது என்பதுதான் பேச்சு. சத்தம் வந்துவிட்டது, மைக்கில் வேறு வந்துவிட்டது. ஜூன் மாதம் வேற ஆளு.

தாளாளர் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகில் இரண்டு சூடை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. மூச்சு வாங்க வாங்க ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர்... சம்பந்தி வந்துட்டாரா?"

திரும்பிப் பார்த்தேன். ஆட்டோவுக்கும் கூட்டத்துக்கும் பின்னால் சிக்கியிருந்த சம்பந்தி அப்போதுதான் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் வாராரு அய்யா."

அவர் மீன் செதிலோடு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தார். (நல்ல குதி. முழங்கால் சரியாக மடங்கியது.) "நிரந்தரம் டீச்சர்! இன்னைக்கே நிரந்தரம்!"

"நான் சத்தம் போட்டுட்டேனே அய்யா."

"நீங்க அமைதியா இருந்ததாலதான் நான் சாகப் பார்த்தேன். கத்துனதாலதான் பிழைச்சேன். இனிமே உங்க வாயை ஒருத்தரும் அடக்கப்படாது. ஒண்ணே ஒண்ணு. இனிமே எனக்குப் பின்னாடி மட்டும் ஓடி வராதீக."

இப்படித்தான் நான் நிரந்தரம் ஆனேன். அந்த நிமிசமே சிகாங்கை விட்டுவிட்டேன், ஒரே ஒரு தடவை தவிர.

அது கமால் லீவில் வந்தபோது நடந்தது. பேரீச்சம்பழமும் அத்தரும் எடுத்துக்கொண்டு நூர்ஜஹானோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து, முழுக் கதையையும் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்:

"நான்தான் சொன்னேனே தங்கச்சி. ரொம்ப முக்கியம்னு சொன்னேனே. அந்தச் சத்தத்தை மனசுக்குள்ளதான் சொல்லணும். உதடு மட்டும்தான் அசையணும். வெளியில கேக்கவே கூடாது."

நூர்ஜஹான் மெல்ல எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்டாவைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி கையை வளைத்தேன். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தேன். ஜிம்மி வாசலில் படுத்திருந்தது.

"சூ," என்றேன். நல்லாச் சத்தமாக.

ஜிம்மிக்கு வயசாகிவிட்டது, கடிக்காது, குரைத்துக்கொண்டு துரத்த மட்டும்தான் செய்யும். அது கமாலுக்குத் தெரியாது. பின்வாசல் வழியாகப் பாய்ந்து, காம்பவுண்டுச் சுவரை ஒரே தாவில் தாண்டி, ரயில்வே கேட் வரைக்கும் வெறுங்காலோடு நிற்காமல் ஓடினார். நாங்கள் எல்லோரும் மாடியில் ஏறி நின்று பார்த்தோம். தாக்குப்பிடிப்பும் வெடிப்பும் மூச்சும் ஒரே உடம்பில் சேர்ந்து ஓடியதை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு தடவைதான்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது எனக்கு யோசனை சொல்ல வாயைத் திறந்தால், என் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்துவார். "இரு. மொதல்ல செருப்பைப் போட்டுக்க. அப்புறம் சொல்லு."